கீசரில் கொதிக்கிற சத்தம், வால்வில் சொட்டு: சர்வீஸ் செய்யும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

ஈரச்சுவர்:

25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர். நின்ற வாக்கில் மாட்டுற மாடல், 2000 வாட் காயில், உள்ளே கிளாஸ் கோட்டிங் போட்ட இரும்பு டேங்க். மாட்டி மூன்றரை வருஷம் ஆகுது, இதுவரை ஒருமுறைகூடத் திறக்கல. போர் தண்ணிதான், டெஸ்ட் கிட்டில் கடினத்தன்மை 350 பிபிஎம் காட்டுது.

இப்போ மூணு தொல்லை. சுவிட்ச் போட்ட அஞ்சு நிமிஷத்தில் உள்ளே உலை கொதிக்கிற மாதிரி கடகடன்னு சத்தம். முன்னெல்லாம் அரை மணி நேரம் எரிஞ்ச விளக்கு இப்போ பதினஞ்சு நிமிஷத்திலேயே அணைஞ்சிடுது, ரெண்டாவது பக்கெட் பாதியிலேயே தண்ணி ஆறிடுது. மூணாவது, தண்ணி உள்ளே போற பக்கம் இருக்கிற வால்வு சூடேறும்போது மட்டும் சொட்டுது.

திறக்காமலே ஆசிட் ஊத்தி அலசினா போதும்னு ஒரு யோசனை. சொட்டுற வால்வைக் கழற்றிட்டு அந்த வாயை எண்ட் பிளக் போட்டு அடைச்சுடலாம்னு இன்னொண்ணு. எது சரி? அனோடை எப்போ மாத்தணும்?


ஸ்பேனர்13:

வால்வை அடைக்காதீங்க. அது ஏன்னு வேற யாராவது விரிவா சொல்லுவாங்க, நான் டேங்குக்கு வர்றேன்.

சத்தம் உப்பால்தான். காயில் மேல் ஏறின சுண்ணாம்புத் தோட்டுக்கு அடியில் கொஞ்சம் தண்ணி மாட்டிக்குது, அது அங்கேயே ஆவியாகி வெளியே வெடிச்சு, குளிர்ந்த தண்ணி பட்டதும் சுருங்குது. கடகட சத்தம் அதுதான். உப்பு ஏறினா தண்ணி சூடாக நேரம் பிடிக்கும்னு பரவலா ஒரு பேச்சு இருக்கு. தண்ணிக்குள்ளேயே மூழ்கியிருக்கிற மின்சாரக் காயிலுக்கு அது பொருந்தாது. 2000 வாட்டும் எப்படியும் தண்ணிக்குத்தான் போய்ச் சேரணும், வேற வழி இல்லை. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது அரை மணி நேரம். உப்பு இருந்தாலும் இல்லாட்டியும் அதேதான். பாதிக்கப்படுறது காயில்: வெப்பம் வெளியே போக வழியில்லாம அதன் உறை அதிகமா சூடேறி ஒருநாள் வெடிச்சிடும்.

உங்களுக்கு நேரம் குறைஞ்சிருக்கு, அதுதான் முக்கியமான துப்பு. தெர்மோஸ்டாட்டின் உணர்வுக் குழாய் காயிலை ஒட்டினாப்ல நிற்கும். ரெண்டுக்கும் நடுவில் உப்பு பாலம் கட்டிடுச்சுன்னா, தெர்மோஸ்டாட் தண்ணியோட சூட்டைப் பார்க்காம காயிலோட சூட்டைப் பார்த்து ஏமாந்து சீக்கிரமே கட் பண்ணும். கூடவே டேங்க் அடியில் சரளை மாதிரி உப்பு சேர்ந்து கொள்ளளவையும் கொஞ்சம் தின்னிருக்கும். இந்த நிலைமைக்குத் திறக்காம எதுவும் ஆகாது. உதிர்ந்த பில்லைகள் அரை இன்ச் வாய் வழியா வெளியே வராது.

ஆனா நீங்க உப்பைப் பத்தி கவலைப்படுற அளவுக்கு அனோடைப் பத்தி கவலைப்படணும்னு நினைக்கிறேன். காயில் போனா புதுசு போடலாம், தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். டேங்க் ஓட்டையானா கீசரே போச்சு, அதுக்கு வெல்டிங் எல்லாம் நிக்காது. கிளாஸ் கோட்டிங்கில் ஊசிமுனை அளவு விடுபட்ட இடங்கள் எப்பவும் இருக்கும். அந்த இடத்து இரும்புக்குப் பதிலா தான் கரைஞ்சுபோக வெச்சிருக்கிற மெக்னீசியம் கட்டைதான் அனோடு. அது தீர்ந்த நாளிலிருந்து இரும்பு கரைய ஆரம்பிக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

வேலையை இப்படிச் செய்யுங்க. முந்தின நாளே ஹீட்டரை நிறுத்திடுங்க, இல்லன்னா சூடு போகிறவரை வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஓட்டுங்க. போர்டில் எம்சிபி பிரேக்கரை இறக்கி, பிளக்கையும் உருவிடுங்க. தண்ணி வர்ற ஆங்கிள் காக்கை மூடுங்க. இதுக்கப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்து வெச்சா டேங்க் காலியாகிடும்னு நினைப்பாங்க, ஆகாது. வெந்நீர் போற குழாய் உள்ளே டேங்கோட உச்சி வரைக்கும் ஏறி நிக்கிறது, தண்ணி மேலிருந்துதான் எடுக்கும். அடியில் இருக்கிற குளிர்நீர் வாய் வழியாத்தான் காலி பண்ணணும். அங்கே மாட்டியிருக்கிற வால்வுக்குள் 'நான் ரிட்டர்ன்'னு ஒருவழித் தடுப்பு இருக்கு, பின்னாடி தண்ணி விடாது. அதனால வால்வோட நெம்புகோலைத் தூக்கிவிட்டு வடிங்க, இல்லன்னா வால்வையே கழற்றுங்க. வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும், காத்து உள்ளே போக அதுதான் வழி. முழுசா வடிஞ்ச பிறகும் அடியில் ஒன்றிரண்டு லிட்டர் நிக்கும். காயிலைத் தாங்கி டேங்க் அடிவாயை மூடியிருக்கிற தட்டைக் கழற்றும்போது அது உங்க மேலே கொட்டும். பக்கெட் தயாரா இருக்கட்டும்.

அடி மூடியைக் கழற்றினதும் வயர் இணைப்புகளை ஒரு போட்டோ எடுத்துக்கங்க. தட்டில் வட்டமா போல்ட்டுகள் இருக்கும், மாடலைப் பொறுத்து 10 அல்லது 13 ஸ்பேனர். எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்காம எதிரெதிர் ரெண்டை மட்டும் தளர்வா விட்டுட்டு மத்ததை எடுங்க. தட்டு நேரா கீழே இறங்கட்டும். சாய்ச்சு இழுத்தா காயில் டேங்க் வாயில் உரசி கோட்டிங் பெயர்ந்துடும், அந்த இடத்தில்தான் அடுத்த ஓட்டை.

இப்போ அனோடைப் பாருங்க. உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி விரல் நீளத்துக்கு வெளியே தெரிஞ்சாலோ, கட்டை பாதித் தடிமனுக்கு வந்திருந்தாலோ மாத்திடுங்க. குழி குழியா, ஒழுங்கில்லாம கரைஞ்சிருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். மூன்றரை வருஷம் கழிச்சும் புதுசாட்டம் இருந்தா சந்தோஷப்படாதீங்க. அது தட்டோட மின்தொடர்பு இல்லாம சும்மா தொங்கிட்டிருக்கு, இல்லன்னா மேலே உப்பு கெட்டியா மூடிடுச்சு. அனோடின் திருகு உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி உலோகத்தோட உலோகம் படணும். சில மாடலில் அனோடுக்குத் தனியா சின்ன வயர் வரும், திரும்ப மாட்டும்போது அதை விட்டுடாதீங்க. புது அனோடு வாங்கும்போது திருகின் அளவையும் கட்டையின் நீளத்தையும் பழசோட வெச்சுப் பாருங்க. நீளம் கூடினா காயிலில் இடிக்கும்.

டேங்க் உள்ளே கையால் உப்பை வழிச்சு எடுங்க, பிளாஸ்டிக் கரண்டி போதும். ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் குத்தாதீங்க. பிறகு காக்கை அஞ்சு விநாடி திறந்து மூடி, திறந்து மூடி அலசுங்க. தட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் கசியாம அடைக்கிற கேஸ்கட் கட்டாயம் புதுசு. பழசை சிலிகான் தடவி ஒட்டினா ஒரு வாரம் தாங்கும், அப்புறம் சூட்டிலும் ஆறுறதிலும் கசியும். போல்ட்டை எதிரெதிரா, மூணு சுத்தா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. தண்ணி நிரம்பி வெந்நீர்க் குழாயில் காத்து விக்கல் நின்னு முழு தாரையா வந்த பிறகுதான் சுவிட்ச். காலி டேங்கில் சுவிட்ச் போட்டா காயில் கொஞ்ச நேரத்திலேயே போயிடும். முதல் சூடு ஏறி ஆறினதும் போல்ட்டுகளை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு கால் சுத்து வாங்கும்.


உப்புக்கணக்கு:

ஆசிட் விஷயத்தில் அளவோடு பேசுவோம். 350 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 350 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். தினம் 100 லிட்டர் ஓடினால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12.8 கிலோ உப்பு அந்த டேங்க் வழியாகப் போகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறிவிடும். நூற்றில் நாலு பங்கு உள்ளே தங்கினாலும் அரைக் கிலோ. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் உடைந்து கரியமில வாயுவை விட்டுவிட்டு கார்பனேட்டாகப் படிகிறது. சூடு கூடக்கூட படிவும் கூடும், 60 டிகிரிக்கு மேல் வேகம் பிடிக்கும். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்திருப்பவர்கள் வீட்டில் உப்பு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

100 கிராம் கார்பனேட்டைக் கரைக்கச் சுமார் 140 கிராம் சிட்ரிக் ஆசிட் வேண்டும் (கடையில் கிடைக்கும் படிக வடிவம்). சல்ஃபாமிக் ஆசிட் என்றால் 195 கிராம். 5 சதவீத வினிகரால் செய்ய நினைத்தால் 2.4 லிட்டர் போகும், அதுவும் மெதுவாக. அரைக் கிலோ உப்பை டேங்குக்குள்ளேயே கரைத்து எடுப்பது வீண் வேலை என்று இதிலிருந்தே தெரியும். கையால் அள்ளி வெளியே போடுவதை ஆசிட்டால் ஏன் கரைக்க வேண்டும்? மூடிய டேங்குக்குள் ஆசிட் ஊற்றினால் வெளிவரும் வாயுவுக்கும் போக்கிடம் வேண்டும், நுரைத்துக்கொண்டு குழாய் வழியே திரும்பும்.

ஆசிட் காயிலுக்கு மட்டும் போதும். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 300 கிராம் சிட்ரிக் ஆசிட், பிளாஸ்டிக் பக்கெட்டில். தட்டைத் தலைகீழாகப் பிடித்து, காயில் மட்டும் மூழ்கும்படி வையுங்கள். டெர்மினல் பக்கம் ஒரு துளியும் படக் கூடாது. அனோடை முதலில் கழற்றிவிடுங்கள். மெக்னீசியத்தை ஆசிட் மளமளவென்று தின்று ஹைட்ரஜனாக விடும், நல்ல அனோடும் பாழ். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். உப்பு இன்னும் இருக்கிறது, நுரை மட்டும் நின்றுவிட்டது என்றால் ஆசிட் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். வெள்ளைச் சேறு போல அடியில் தங்கினால் அது கால்சியம் சிட்ரேட், பயப்பட ஒன்றுமில்லை, ஊற்றிவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். தாமிரக் காயில் என்றால் வெளிர் சிவப்பாக மாறும், அதுவும் சரி. ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அலசி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பாத்ரூம் ஆசிட் கிட்டவே வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அதன் குளோரைடு காயிலின் ஸ்டெயின்லெஸ் உறையிலும் இன்கோலாய் (நிக்கல் கலந்த உலோகக் கலவை) உறையிலும் ஊசித்துளை போடும், கோட்டிங் விடுபட்ட இரும்பையும் அரிக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் எந்த ஆசிட்டையும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மையைக் கணிக்க முடியாது. நீங்கள் கிட் வைத்துப் பார்த்தது சரியான வழி.


கம்பிக்காரர்:

திறந்திருக்கும்போதே மின் பக்கத்தையும் பார்த்துடுங்க.

வயரைக் கழற்றி காயிலோட ரெண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைங்க. 230 வோல்ட்டில் 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் காட்டணும், 3000 வாட்டுக்கு 17.6. எல்லையில்லாம காட்டினா காயில் அறுந்துடுச்சு. பிறகு ஒரு முனைக்கும் தட்டு உலோகத்துக்கும் இடையே பாருங்க. மல்டிமீட்டரில் எதுவும் காட்டலைன்னு நிம்மதியாகிடாதீங்க, அது பேட்டரி வோல்ட்டேஜில்தான் பார்க்குது. மெக்கர்னு அதிக வோல்ட்டேஜில் கசிவைப் பார்க்கிற மீட்டர் இருக்கு; 500 வோல்ட் மெக்கரில் 2 மெகா ஓமுக்குக் கீழே வந்தா அந்தக் காயிலை நம்ப வேண்டாம். உறையில் மயிரிழை வெடிப்பு விட்டு உள்ளே இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் குடிச்சிருக்கும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா லைனை நிறுத்துற சுவிட்ச்) ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரம் கழிச்சு டிரிப் ஆகுதுன்னா பெரும்பாலும் இதுதான். அப்போ ஆர்சிசிபியைக் குறை சொல்லி அதைத் தாண்டி நேரடியா லைன் கொடுக்கிறவங்க உண்டு. குளியலறையில் அதைவிட ஆபத்தான காரியம் இல்லை.

2000 வாட்டுக்கு 8.7 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் பிளக், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். பிளக் முள் கறுத்திருந்தாலோ, சாக்கெட் பழுப்பேறியிருந்தாலோ இணைப்பு லூஸ், ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசையும் கருக்கும். காயில் முனையில் வர்ற லக் (வயர் நுனியில் இருக்கிற உலோகக் கொக்கி) நெகிழ்ந்திருந்தா திரும்ப நசுக்கி கிரிம்ப் பண்ணுங்க. எர்த் வயர் தட்டில் நட்சத்திர வாஷரோட இறுகியிருக்கணும், பெயின்ட் மேல் இல்லை.

சூடு எல்லை மீறினா மின்சாரத்தை நிறுத்துற கட் அவுட்டுக்குன்னு தனியா ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அது தெறிச்சிருந்தா அமுக்கிவிட்டு வேலை முடிஞ்சதுன்னு போகாதீங்க, ஏன் தெறிச்சதுன்னு பாருங்க. தெர்மோஸ்டாட் காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா தண்ணி கொதிநிலைக்குப் போகும், அப்போ காப்பாத்துறது அந்தக் கட் அவுட்டும் வால்வும் மட்டும்தான்.


ஈரச்சுவர்:

நன்றிங்க, நிறைய தெளிவாச்சு. வால்வு சொட்டுறது ஒரு சூட்டுக்கு டம்ளர் ஒண்ணரை வரும். ஹீட்டர் நிறுத்தியிருக்கும்போது ஒரு சொட்டும் இல்லை. அப்புறம், பத்து நாள் பூட்டிக்கிடந்து திறந்தா வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை நாத்தம். இதுக்கும் அனோடுக்கும் சம்பந்தம் உண்டா? தண்ணி கடினம்னா சாஃப்ட்னர் போட்டா எல்லாம் தீருமா?


நடுத்திருகு:

ஒண்ணரை டம்ளர் கணக்கு சரியா ஒத்துப்போகுது. 25 டிகிரியிலிருந்து 60க்கு வரும்போது தண்ணீர் சுமார் 1.4 சதவீதம் விரியும். 25 லிட்டருக்கு அது 350 மில்லி. வால்வுக்குள் நான் ரிட்டர்ன் இருப்பதால் விரிகிற தண்ணீர் பின்னால் போக முடியாது. குழாய் மூடியிருந்தால் அழுத்தம் ஏறி, வால்வின் மேல் பொறித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 8 பார், வந்ததும் சொட்டாக வெளியே விடுகிறது. உங்கள் வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதன் வாயை அடைத்தால் அந்த 350 மில்லிக்கு இடம் டேங்கின் வெல்டிங்கில்தான் கிடைக்கும். சொட்டு எரிச்சலாக இருந்தால் வாயில் ஒரு டியூப் செருகி, கீழ்நோக்கிய சரிவில், முனை திறந்தபடி தரை வடிகாலுக்கு விடுங்கள். டியூப்பில் தொட்டி போல் வளைவு வரக் கூடாது, முனையைத் தண்ணீரில் முக்கவும் கூடாது.

ஹீட்டர் நிறுத்தியிருக்கும்போதும் விடாமல் சொட்டினால் கதை வேறு. வால்வுக்குள் அடைப்பான் உட்காரும் இடத்தில் மணல் துகள் மாட்டியிருக்கும். நெம்புகோலை நாலைந்து முறை தூக்கிவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வு மாற்று, அல்லது பம்பு கொடுக்கும் அழுத்தம் அதிகம். மாதம் ஒருமுறை நெம்புகோலைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட வால்வு உப்பில் இறுகி, தேவைப்படும் அன்று திறக்காது.

நாற்றத்துக்கும் அனோடுக்கும் சம்பந்தம் உண்டு. தண்ணீரில் சல்ஃபேட் இருந்து, அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருந்தால், மெக்னீசியம் கரையும்போது வரும் ஹைட்ரஜன் அதற்குத் தீனி. ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வருகிறது. அனோடையே எடுத்துவிட்டால் நாற்றம் போகும், சில வருஷத்தில் டேங்கும் போகும். மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாகக் கலவை அனோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். பவர் அனோடும் ஒரு வழி, டைட்டானியம் கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுப்பது. ஆனால் கீசர் சுவிட்சை நாள் முழுக்க அணைத்து வைக்கும் வீட்டில் அதற்கு மின்சாரம் கிடைக்காது, பாதுகாப்பும் கிடையாது. தனி லைன் கொடுக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பூட்டிக்கிடந்த வீட்டில் இன்னொன்று. அந்த ஹைட்ரஜன் டேங்க் உச்சியில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். சுவிட்ச் போடும் முன் வெந்நீர்க் குழாயை ரெண்டு மூணு நிமிஷம் திறந்துவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு இல்லாமல்.

சாஃப்ட்னர் உப்பைக் குறைக்கும், அனோடைச் சீக்கிரம் தின்னும். கால்சியத்துக்குப் பதில் சோடியம் வந்து உட்காருகிறது; மின்கடத்தும் திறன் குறையவில்லை, இரும்பின் மேல் மெல்லியதாகப் படிந்து காப்பாற்றும் சுண்ணாம்பும் இல்லை. போட்டால் அனோடை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். பாலிபாஸ்பேட் உருண்டை போட்ட சின்ன ஃபில்டரும் வருகிறது. அது கடினத்தன்மையைக் குறைப்பதில்லை, கால்சியம் கெட்டியாகப் படியாமல் தடுக்கிறது. உருண்டை கரைந்து பாதியானதும் நிரப்பவில்லை என்றால் வெறும் டப்பாதான்.


ஸ்பேனர்13:

ரெண்டு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. டெம்பரேச்சரை 60-ல் வைங்க. அதுக்கு மேலே உப்பு. ரொம்பக் கீழே, 20க்கும் 45க்கும் நடுவில் தேங்கி நின்னா லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரி தண்ணி அஞ்சாறு விநாடியில் தோலை வேகவெச்சிடும்கிறதால குழந்தைங்க, வயசானவங்க இருக்கிற வீட்டில் குழாயில் கலந்துதான் விடணும்.

350 பிபிஎம்முக்கு என் கணக்கு: ஆறு மாசத்துக்கு ஒருமுறை வடிச்சு அலசுறது, வருஷத்துக்கு ஒருமுறை தட்டைத் திறந்து அனோடு பார்க்குறது. முதல் தடவை அனோடு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு கட்டையோட தடிமனைக் குறிச்சு, கீசர் மூடிக்கு உள்பக்கம் தேதியோட எழுதி ஒட்டிடுங்க. அடுத்த வருஷம் அதைப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாமா குறைக்கலாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். உங்க மாடலுக்கான கேஸ்கட்டும் அனோடும் கைக்கு வந்த பிறகு முதல் போல்ட்டைத் தொடுங்க. மூன்றரை வருஷம் சூட்டில் கிடந்த கேஸ்கட் தட்டோட ஒட்டிக்கிட்டு பிய்ஞ்சுதான் வரும். அந்தத் துணுக்குகளை விளிம்பில் ஒண்ணு விடாம எடுத்தாத்தான் புதுசு உட்காரும்.